இலைக்கு விலை உண்டு; கைக்கு?

உழவனுக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது என்ற செய்தி வரும்போது நம்மில் எவரும் முகம் சுளிப்பதில்லை. வானத்தையும் வட்டிக்காரனையும் நம்பிக் காலம் தள்ளுகிறவனுக்கு நான்கு காசு போய்ச் சேரட்டும் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த எண்ணம் நல்லதே. ஆயின் ‘உழவன்’ என்னும் சொல்லால் அரசு யாரைக் குறிக்கிறது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. நிலப் பத்திரத்தில் பெயர் உள்ளவரா, ஏர் பிடித்தவரா, இலை பறித்தவரா? இந்த வினா எழாத இடத்தில் எத்தகைய அநீதி சட்டத்தின் ஆடை அணிந்து உலவ முடியும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் புகையிலை மானிய வரலாறு தெளிவான சான்றாகும்.

2004 அக்டோபர் 22 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு வரிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதனுள் ஒரு பகுதியாக வைக்கப்பட்டிருந்தது ‘நியாயமும் சமத்துவமும் உடைய புகையிலைச் சீர்திருத்தச் சட்டம்’. அதன்படி 2005 முதல் 2014 வரை பத்தாண்டுக் காலத்திற்கு அனுமதிக்கப்பட்ட தொகையின் உச்சவரம்பு 1014 கோடி டாலர். நியாயம், சமத்துவம் எனும் இரு பெரும் சொற்கள் சட்டத்தின் பெயரிலேயே பொறிக்கப்பட்டன. அவை பெயரளவிலேயே நின்றுவிட்டன என்பதுதான் நம் வழக்கு. புகையிலை பயிரிட்டவருக்கு உதவி கிடைத்ததை நாம் எதிர்க்கவில்லை. அந்த உதவி உழைப்பைத் தேடிச் செல்லாமல் ஓர் அனுமதிச் சீட்டைத் தேடிச் சென்றதையே எதிர்க்கிறோம்.

ஏணி அமைத்த சட்டம்

முதலில் அந்த மானியத்திற்கு உரிய நீதியைச் செய்துவிடுவோம். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேளாண் விளைபொருள்களின் விலை தரைமட்டத்திற்குச் சரிந்தது. புகையிலை வாங்குவோர் சில பெரிய நிறுவனத்தாரே. விற்போரோ பல லட்சம் சிறு குடியானவர்கள். ஏலக்கூடத்தில் அவர்கள் கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதைத் தவிர உழவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்நிலையை மாற்ற 1933-இல் ஒரு வேளாண் சட்டம் வந்தது. 1936-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. 1938 பிப்ரவரியில் புதிய சட்டம் பிறந்தது.

அதன் ஏற்பாடு எளிமையானது. நாட்டில் எவ்வளவு புகையிலை விற்கப்படலாம் என்பதற்கு ஒரு வரம்பு. அந்த வரம்பு, முன்னைய சாகுபடிக் கணக்கின்படி ஒவ்வொரு பண்ணைக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. இப்பங்கே ‘கோட்டா’. அதற்கு மேல் விற்றால் அபராதம். வரம்புக்கு உட்பட்டவனுக்கோ ஓர் ஆதார விலை உறுதி. ஏலத்தில் அந்த விலைக்கு எவரும் கேட்கவில்லையெனில், உழவர் கூட்டுறவு அமைப்பு அரசுக் கடனைப் பெற்று அந்த இலையைத் தானே எடுத்துக்கொள்ளும். இத்திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதை வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் உழவர்களே முடிவு செய்தனர்.

ஆகவே அரசு மாதந்தோறும் உழவனுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது என்று நினைப்பது தவறு. விளைச்சலைக் குறைத்து விலையைக் காத்ததே அதன் முறை. 1982-இல் வந்த சட்டமோ, ஆதார விலைத் திட்டத்தில் ஏற்படும் இழப்பை உழவர்களே தீர்வையாகச் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. கென்டக்கியிலும் வட கரோலினாவிலும் சில ஏக்கர் மட்டுமே வைத்திருந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகள் நிலத்தை விட்டு அகலாமல் நிலைத்தன என்றால், அதற்கு இந்த ஏற்பாடே பெருங்காரணம். இதனை மறுப்பது அறமாகாது.

ஏணி சுவரான கதை

பிழை வேறிடத்தில் இருந்தது. கோட்டா மனிதனுக்குக் கொடுக்கப்படவில்லை, மண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. 1938-இல் அமெரிக்கத் தென்பகுதியில் புகையிலை பயிரிட்டோரில் மிகப் பலர் பிறர் நிலத்தில் வாரத்திற்கு உழுதவர்கள். அவர்களுள் கறுப்பின மக்கள் ஏராளம். நாற்று நட்டதும், புழு பொறுக்கியதும், இலை கிள்ளியதும், கொட்டகையில் இரவெல்லாம் கண்விழித்துத் தீ மூட்டி இலையைப் பதப்படுத்தியதும் அவர்கள் கைகளே. சாகுபடி வரலாறோ நிலத்தின் பெயரில் எழுதப்பட்டது. நிலம் யாருடையதோ, கோட்டாவும் அவருடையதாயிற்று.

காலம் செல்லச் செல்ல அந்த அனுமதி தனியொரு சொத்தாக உருமாறியது. 1960களில் கோட்டாவை வேறு பண்ணைக்குக் குத்தகைக்கு விட வழி பிறந்தது. தந்தை இறந்தார், மகன் நகரத்தில் வேலைக்குச் சென்றான், நிலத்தில் புகையிலை இல்லை, ஆனால் கோட்டா இருக்கிறது. அதை அண்டை நிலத்து உழவனுக்குக் குத்தகைக்கு விட்டு ஆண்டுதோறும் வாடகை பெறலாம். 2004-இல் கோட்டாவின் உடைமையாளர் சுமார் நான்கு லட்சம் பேர். ஆயின் 2002-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி புகையிலை விளைந்த பண்ணைகளோ 57 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு.

இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முழு வழக்கும் அதில் அடங்கிவிடும். உழவனைக் காக்க வந்த சட்டத்தின் பயனில் ஒரு பங்கை, உழாதவருக்கு வாடகையாக உழவனே கொடுத்துக்கொண்டிருந்தான். நிலத்திற்கு ஒரு குத்தகை, விளைவிக்கும் அனுமதிக்கு இன்னொரு குத்தகை. புதிதாகப் பயிரிட விரும்பிய ஏழை இளைஞனுக்கு அந்த அனுமதியே தாண்ட முடியாத மதிலாயிற்று. ஏணி என்று வைத்தது சுவராகிவிட்டது.

ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

இலைக்கு விலை காத்த அதே 1938-ஆம் ஆண்டில், ஜூன் மாதத்தில், அமெரிக்கா மற்றொரு புகழ்பெற்ற சட்டத்தை இயற்றியது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் வகுத்த நியாயமான உழைப்புத் தரச் சட்டம் அது. அதிலிருந்து வயலில் வேலை செய்வோர் விலக்கப்பட்டனர். சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. 1966-இல்தான் குறைந்தபட்சக் கூலி பெரிய பண்ணைகளின் தொழிலாளர்க்கு நீட்டிக்கப்பட்டது. மிகைநேர வேலைக்குக் கூடுதல் கூலி என்னும் உரிமையை நடுவண் சட்டம் இன்றும் அவர்களுக்கு வழங்கவில்லை.

பிப்ரவரியில் இலைக்கு ஆதார விலை. ஜூனில் அதைக் கிள்ளும் கைக்கு ஆதாரக் கூலி மறுப்பு. வாடிப்போகும் இலைக்குக் காட்டிய இரக்கத்தை வாடி நிற்கும் மனிதனுக்குக் காட்ட அந்நாட்டு அவைக்கு மனம் வரவில்லை.

அந்தக் கை என்ன பாடுபடுகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். பனியிலோ மழையிலோ நனைந்த பச்சைப் புகையிலையைத் தொட்டு வேலை செய்வோரின் தோல் வழியாக நிக்கோட்டின் உடலுக்குள் இறங்குகிறது. தலைசுற்றல், குமட்டல், ஓயாத வாந்தி, தலைவலி, தளர்ச்சி. மருத்துவ நூல்கள் இதைப் பச்சைப் புகையிலை நோய் என்று குறிக்கின்றன. 1970-இலேயே இது மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டுவிட்டது. வட கரோலினாவில் புலம்பெயர்ந்த வயல் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே பருவத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்நோய்க்கு ஆளானதைக் காட்டியது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாதவனும் புகையிலை நஞ்சுக்கு இரையாகும் இடம் அந்த வயல்.

அங்கே சிறுவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் இசைந்தால் 12 வயதுப் பிள்ளையும் பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் பண்ணையில் கூலி வேலை செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 16 வயதுக்கு உட்பட்டோரைப் புகையிலை வயலில் கூலிக்கு அமர்த்தக் கூடாது என்னும் விதியை 2011-இல் தொழிலாளர் துறை முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் 2012-இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, நான்கு மாநிலங்களில் 7 முதல் 17 வயது வரையுள்ள 141 பிள்ளைகள் தங்கள் புகையிலை வேலையைப் பற்றிக் கூறினர். கடையில் ஒரு சிகரெட் வாங்க உரிமையில்லாத பிள்ளைக்கு, அதன் இலையைப் பறிக்க உரிமை உண்டு! இதைவிடக் கசப்பான நகைப்பு வேறு உண்டோ?

ஏழு, மூன்று, சுழி

1990களின் இறுதியில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1998-இல் 46 மாநிலங்களும் பெரிய சிகரெட் நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நிறுவனங்கள் வெளிநாட்டு இலையை மிகுதியாக நாடின. உள்நாட்டுக் கோட்டா சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வருவாய் சுருங்கிய உழவர்களும் கோட்டா உடைமையாளர்களும் இழப்பீடு கேட்டனர். அதன் விளைவே 2004-ஆம் ஆண்டுச் சட்டம். கோட்டா ஒழிக்கப்பட்டது, ஆதார விலை ஒழிக்கப்பட்டது, ஈடாகப் பணம். அப்பணத்தைச் சிகரெட் உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் தீர்வையாகத் தண்டினர்.

பங்கீடு எப்படி? 2002-ஆம் ஆண்டின் அடிப்படைக் கோட்டாவில் ஒவ்வொரு பவுண்டுக்கும் கோட்டா உடைமையாளருக்கு 7 டாலர். அதை உண்மையில் பயிரிட்டவருக்கு 3 டாலர். இலையைப் பறித்த தொழிலாளிக்குச் சுழி.

கணக்கிட்டுப் பார்ப்போம். 10 ஆயிரம் பவுண்டு கோட்டாவைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் வாழ்ந்தவருக்குப் பத்தாண்டுகளில் 70 ஆயிரம் டாலர். அதே கோட்டாவைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி, வெயிலில் நின்று பயிரிட்டவருக்கு 30 ஆயிரம். தாமே உடைமையாளராகவும் தாமே பயிரிட்டவராகவும் இருந்தோர் இரண்டையும் பெற்றனர். அவர்களைக் குறித்து நமக்கு முறையீடில்லை. உடைமையாளருள் எளிய கைம்பெண்களும் முதியோரும் இருந்தனர் என்பதையும் நாம் அறிவோம். ஆயின் ஒரு திட்டத்தின் அறத்தை அது யாரை மேல்படியில் வைக்கிறது, யாரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

தொழிலாளரைக் கணக்கிட இயலாது என்று சொல்வார்கள். அச்சாக்கு நில்லாது. தற்காலிக வேளாண் அனுமதியில் மெக்சிகோவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் பெயர்கள் அரசு ஆவணங்களில் இருந்தன. அந்தச் சட்டம் கையொப்பமாவதற்கு ஒரு மாதம் முன்பு, 2004 செப்டம்பரில், வட கரோலினாவில் அத்தகைய பல்லாயிரம் வயல் தொழிலாளர்களின் சார்பில் ஒரு சங்கம் பண்ணையாளர் அமைப்புடன் கூட்டு ஒப்பந்தமே செய்துகொண்டது. ஒப்பந்தம் செய்யுமளவுக்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இழப்பீடு கொடுக்குமளவுக்குத் தெரியவில்லை!

இரு மறுப்புகள்

நம் வாதத்தை இருபுறத்தாரும் மறுப்பர். முதலாமவர் கூறுவது: ‘நஞ்சை விளைத்தவனுக்கு ஒரு காசும் கொடுத்திருக்கக் கூடாது.’ இக்குரலில் உள்ள சினம் நமக்கு விளங்குகிறது. புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று 1964 ஜனவரியில் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அலுவலர் லூதர் டெரி அறிவித்தார். அதற்குப் பின் 40 ஆண்டுகள் அதே அரசு ஒரு கையால் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டது. மறு கையால் இலையின் விலையைத் தாங்கிப் பிடித்தது. ‘அமைதிக்கு உணவு’ என்று பெயர் பெற்ற 1954-ஆம் ஆண்டு உதவித் திட்டத்தின்கீழ் புகையிலையும் கப்பலேறியது. பசித்தவனுக்கு இலையை அனுப்பிய அறத்தை என்னென்பது!

ஆனால் இந்த இரட்டை நாக்குக்கு உரியவர் ஆட்சியாளரேயன்றி, மூன்று ஏக்கர் உழவர் அல்லர். அரசே ஊக்குவித்த பயிரை, அரசே தந்த வரம்புக்குள் விளைத்த ஏழையை, ஒரு நாள் திடீரெனக் கைவிடுவது நீதியாகாது. அவன் வேறு பயிருக்கு மாற வேண்டுமானால் மாறும் காலத்திற்குக் கைகொடுக்கத்தான் வேண்டும். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் செய்யவில்லை. பணத்தைப் பெற்றவர் புகையிலையை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. புகையிலைப் பொருள்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தை உணவு, மருந்து நிர்வாகத்திற்கு வழங்க மேலவை சேர்த்திருந்த பகுதியும் இறுதிப் பேச்சில் நீக்கப்பட்டது. அதற்கு 2009 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாமவர் கூறுவது: ‘கோட்டா ஒரு சொத்து; சொத்தைப் பறித்தால் ஈடு கொடுப்பதே முறை.’ நாம் திருப்பிக் கேட்கிறோம்: அரசு இலவசமாக வழங்கிய அனுமதி சொத்தாகுமெனில், 20 ஆண்டு முதுகு வளைத்த உழைப்பு ஏன் சொத்தாகாது? 1833-இல் பிரித்தானியப் பேரரசு அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அதைப் பெற்றவர்கள் அடிமைகளின் உடைமையாளர்கள். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அக்கொடுமையையும் இந்தப் பங்கீட்டையும் ஒன்றென நாம் சொல்லவில்லை. ஆயின் இரண்டிலும் ஓடுவது ஒரே தர்க்கம்: பத்திரம் வைத்திருப்பவன் இழப்பவன், பத்திரம் இல்லாதவனுக்கு இழக்க ஏதுமில்லை. இந்தத் தர்க்கத்தையே நாம் மறுக்கிறோம்.

பணம் வந்தது, பண்ணை போயிற்று

அந்தப் பெருந்தொகை சிறு உழவனையாவது காத்ததா? வேளாண் கணக்கெடுப்புகள் விடை சொல்கின்றன. 2002-இல் 57 ஆயிரத்தை ஒட்டியிருந்த புகையிலைப் பண்ணைகள் 2007-இல் 16 ஆயிரமாகக் குறைந்தன. 2012-இல் 10 ஆயிரம். 2017-இல் 6 ஆயிரத்துச் சொச்சம். வரம்பு நீங்கியதும் எவரும் எவ்வளவும் விளைக்கலாம் என்றாயிற்று, விலை இறங்கியது, பெரிய பண்ணைகள் மேலும் பெருத்தன. உழவர்களின் வாக்கெடுப்பும் கூட்டுறவின் ஆதார விலையும் இருந்த இடத்தில், இன்று நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத் தாள் இருக்கிறது. என்ன தரம், என்ன விலை என்பதை வாங்குபவரே வகுக்கிறார். 1930களில் உழவன் எவரிடமிருந்து காப்பாற்றப்பட்டானோ, அவர்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டான்.

வயலும் கொட்டகையும் மறையவில்லை, சிறியவனே மறைந்தான். பறிக்கும் கைகளின் கூலி நிலையில் அந்த 1014 கோடி ஒரு மாற்றத்தையும் கொண்டுவரவில்லை.

நம் வாசலில்

தொலைவில் நடந்த கதை என்று இதனைப் புறந்தள்ள இயலாது. புகையிலைக் கட்டுப்பாடு குறித்த உலக உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 17-ஆம் பிரிவு புகையிலைத் தொழிலாளர், பயிரிடுவோர் ஆகியோரின் மாற்று வாழ்வாதாரத்தைப் பேசுகிறது. தொழிலாளர் என்ற சொல் அங்கே முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். 2015-16 முதல், புகையிலைக்கு மாற்றாக வேறு பயிர்களை ஊக்குவிக்கும் நடுவண் அரசின் பயிர்ப் பன்முகப்படுத்தல் திட்டம் புகையிலை விளையும் மாநிலங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. திண்டுக்கல்லும் வேதாரண்யமும் புகையிலைக்குப் பெயர் பெற்ற மண் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்றுப் பயிர் வரட்டும், நாம் வரவேற்கிறோம். ஆயின் விதையும் கருவியும் உதவியும் பட்டா உள்ளவர் வீட்டு வாசலோடு நின்றுவிடுமானால், வாய்மொழிக் குத்தகையில் உழுதவர் என்ன ஆவார்? இலை ஒடித்து, பக்குவம் பார்த்து, கட்டுக் கட்டி வாழ்ந்த பெண்கள் எந்தப் பயிருக்கு மாறுவர்? அவர்களிடம் மாற்றுவதற்கு நிலமே இல்லையே.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒரு பயிரை அரசு குறைக்க விரும்பினால், முதல் உதவி அப்பயிரில் கூலி வேலை செய்தவர்க்கு உரியதாகட்டும். அவர்களைக் கணக்கெடுத்துப் பட்டியலிடுவது திட்டத்தின் முதற்பணியாகட்டும். இரண்டாவதாக, பயிரிட்டவருக்குரிய பங்கு நிலம் வைத்திருந்தவரின் பங்கைவிடக் குறையாதிருக்கட்டும்; பத்திரமில்லாக் குத்தகைக்கு ஊரார் சான்றே போதுமென்று கொள்ளட்டும். மூன்றாவதாக, பணம் பெறுவதோடு மாற்றமும் இணைந்திருக்கட்டும். நஞ்சு குறையாமல் பணம் மட்டும் கைமாறும் ஏற்பாடு எவருக்கும் வேண்டாம்.

மானியம் என்பது பொதுமக்களின் பணம் மட்டுமன்று. ஒரு நாடு யாரை மதிக்கிறது என்பதற்கு அது எழுதித் தரும் சான்றும் ஆகும். அமெரிக்கா எழுதிய சான்றில் உடைமைக்கு ஏழு, உழவுக்கு மூன்று, உழைப்புக்குச் சுழி. நம் ஊராட்சிக் கூட்டங்களில் பயனாளிகளின் பட்டியல் வாசிக்கப்படும் நாளில் நாம் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வயலில் நின்றவர்களின் பெயர் இதில் எங்கே?